‘அந்த நாள்’ பார்த்தாயிற்று, அடுத்து எந்தப் பழைய படம்?

நித்யா, கோயம்புத்தூர்

வணக்கம். ‘அந்த நாள்’ (1954) படத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஒரு பாட்டு கூட இல்லை. ஆரம்பத்திலேயே சிவாஜி குண்டு பட்டுச் செத்துவிடுகிறார். மிச்சப் படம் முழுக்க பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கதாநாயகன் நல்லவனா கெட்டவனா என்றே கடைசி வரை பிடிபடவில்லை. இதை எழுபது வருஷத்துக்கு முன்னால் கோடம்பாக்கத்தில் எடுத்திருக்கிறார்கள்!

எனக்கு வயது 34. பழைய படம் என்றால் மேடையில் பேசுகிற மாதிரி நீள நீள வசனம், நிமிஷத்துக்கு ஒரு பாட்டு, கடைசியில் குடும்பமே கூடி அழுவது என்று ஒரு படம் மனதில் இருந்தது. அது இப்போது கலைந்துபோனது. அதனால் கேட்கிறேன். 1948லிருந்து 1964 வரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நகைச்சுவை, மாயாஜாலம், வாள் சண்டை, காதல், துப்பறிவது என்று வகைக்கு ஒன்றாவது சொல்லுங்கள். வெறும் பெயர் வேண்டாம், ஏன் அந்தப் படம் என்பதுதான் எனக்கு முக்கியம். 11 வயது மகனும் கூட உட்காருவான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இப்படி ஒரு படம் எடுக்கத் தெரிந்தவர்கள் ஏன் அதே வழியில் தொடர்ந்து போகவில்லை?

ரீல்பெட்டி, மானாமதுரை

நித்யா அம்மா, என் அப்பா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து புரொஜக்டர் அறைதான் விளையாட்டு இடம். நீங்கள் சொல்கிற படங்களையெல்லாம் வெளிவந்து பத்து வருஷம் கழித்து, கீறல் விழுந்த பிரிண்டில், கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தில் பார்த்தவன். அந்த அறையில் அப்பா சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன். நடிகர் பெயரை வைத்துப் பழைய படத்தைத் தேடாதீர்கள். எந்த ஸ்டுடியோ, யார் கேமரா என்று பாருங்கள். அப்போதுதான் இத்தனை வகைப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏவி.எம். தயாரிப்பு, எஸ். மாருதிராவ் ஒளிப்பதிவு, நாயகன் சிவாஜி, நாயகி பண்டரிபாய். 1952இல் வந்த ‘பராசக்தி’யிலும் இதே ஏவி.எம்., இதே மாருதிராவ், இதே ஜோடி. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். ‘பராசக்தி’யில் கேமரா வசனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ‘அந்த நாள்’ படத்தில் முகத்தில் பாதியை இருட்டில் விட்டு, ஒருவன் சொல்லாததைக் காட்டுகிறது. சிவாஜியும் அப்படித்தான். 1954 மார்ச்சில் ‘மனோகரா’ வந்தது. சங்கிலியை இழுத்துக்கொண்டு தர்பாரே அதிரப் பேசுகிறார். ஏப்ரலில் ‘அந்த நாள்’ வந்தது. குரலை உயர்த்தாமல், உள்ளே எதையோ மறைத்துக்கொண்டிருக்கிற ஒரு ரேடியோ இன்ஜினியர். ஒரு மாத இடைவெளியில் ஒரே மனிதர்! அவர் எப்போதும் மிகையாகத்தான் நடித்தார் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

இயக்குநர் யார் தெரியுமா? வீணை எஸ். பாலசந்தர். வீணைக் கச்சேரிக்குப் பேர்போன அதே மனிதர்தான் பாட்டில்லாத படம் எடுத்தார். வசனம் ஜாவர் சீதாராமன். படத்தில் சி.ஐ.டி. அதிகாரியாக வருகிறவரும் அவரே.

இப்போது நகைச்சுவையும் மாயாஜாலமும். இவை இரண்டும் எனக்கு ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். வடபழனி விஜயா வாஹினியில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சேர்ந்து எடுத்த ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘மாயா பஜார்’ (1957). இரண்டுக்கும் கேமரா மார்க்கஸ் பார்ட்லி. இரண்டிலும் சாவித்திரி, ஜெமினி கணேசன், எஸ்.வி. ரங்காராவ், தங்கவேலு.

‘மிஸ்ஸியம்மா’வின் கதை இன்றைக்கும் பழசாகவில்லை. கணவன் மனைவியாக இருக்கிற இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் தேவை என்று ஒரு விளம்பரம். வேலையில்லாத பாலுவும் கிறிஸ்தவப் பெண் மேரியும் தம்பதி என்று பொய் சொல்லி அந்த ஊருக்குப் போகிறார்கள். மதம் மாறுபட்ட இரண்டு பேரை ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டு, யாரையும் புண்படுத்தாமல் மூன்று மணி நேரம் சிரிக்க வைப்பது லேசான காரியமா? மேரி வேடத்துக்கு முதலில் இருந்தவர் பானுமதி. அவர் விலகிய பிறகு அது சாவித்திரிக்கு வந்தது. எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிற அந்த மேரியை சாவித்திரி செய்த விதத்தைப் பாருங்கள். கோபத்துக்குள் எத்தனை படி!

அதில் ‘வாராயோ வெண்ணிலாவே’ என்று ஒரு பாட்டு. ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியது. இரண்டு வருஷம் கழித்து ‘மாயா பஜா’ரில் ‘ஆஹா இன்ப நிலாவினிலே’, படகில் போகிறார்கள். இரண்டு நிலவும் ஒரே கேமராக்காரர் போட்டது. ஸ்டுடியோவுக்குள் விளக்கை வைத்து உண்டாக்கிய நிலவு என்று தெரிந்தும் நம்ப மனது வராது. அந்த ரீல் ஓடும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு, கார்பன் குச்சிகளின் இடைவெளியைச் சரியாக வைக்கச் சொல்வார். வெளிச்சம் கொஞ்சம் மங்கினாலும் அந்தத் தண்ணீரின் மினுமினுப்பு போய்விடும் என்பார்.

உங்கள் மகனுக்கு ‘மாயா பஜா’ரைத்தான் முதலில் போட வேண்டும். பாரதக் கதை, ஆனால் படம் முழுக்கப் பாண்டவர் ஒருவர் கூடக் கண்ணில் படமாட்டார். பலராமன் மகள் வத்சலாவுக்கும் அபிமன்யுவுக்கும் கல்யாணம் நடத்திவைக்க கடோத்கஜன் செய்கிற வேலைகள்தான் கதை. வியாச பாரதத்தில் இந்தக் கதை கிடையாது, நாடக மேடை வழியாக வந்தது. ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டில் கடோத்கஜனாக வரும் ரங்காராவ் ஒற்றை ஆளாகப் பந்தியைக் காலி செய்கிறார். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகிறது. மிரட்டலான உடம்பும் குழந்தை முகமும் ஒரே ஆளிடம் அமைந்தது அவருக்குத்தான். தானாகச் சுருட்டிக்கொள்ளும் கம்பளம், சுழலும் கட்டில், துவாரகை நகரம் எல்லாம் கையால் செய்த வித்தை. எப்படி எடுத்திருப்பார்கள் என்று மகனிடமே கேளுங்கள். தெலுங்கில் இதற்கு வண்ணம் ஏற்றி 2010இல் வெளியிட்டார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம். பார்ட்லியின் நிலவுக்குக் கறுப்பும் வெள்ளையும் போதும்.

வாள் சண்டைக்கு ஜெமினி ஸ்டுடியோவின் ‘சந்திரலேகா’ (1948). ஸ்டுடியோ முதலாளி வாசன் சொத்தையெல்லாம் பணயம் வைத்து எடுத்த படம். கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு ராஜகுமாரர்கள், ஒரு பெண், ஒரு சிம்மாசனம். முரசு நடனத்துக்காகப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேல் முரசுகள், அவற்றின் மேல் பெண்கள் வரிசை வரிசையாக ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த முரசுகளுக்குள்ளிருந்து… சரி, அதைச் சொல்லமாட்டேன், பையன் பார்க்கட்டும். பிறகு வருகிற ரஞ்சன் வாள் சண்டையையும் விட்டுவிடாதீர்கள்.

காதலுக்கு இயக்குநர் ஸ்ரீதர். அவரிடம் வகை வகையாகவே இருக்கிறது. அழ வேண்டுமா, ‘கல்யாணப் பரிசு’ (1959). அது அவர் இயக்கிய முதல் படம். ஒரே ஆஸ்பத்திரிக்குள் முழுக்கதையும் வேண்டுமா, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962). சிரிக்க வேண்டுமா, ஈஸ்ட்மென் கலரில் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). மூன்றுக்கும் கேமரா ஏ. வின்சென்ட்.

கடைசியாக, உங்கள் ஊருக்கு ஒரு படம். ‘மலைக்கள்ளன்’ (1954) கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. நாமக்கல் கவிஞரின் நாவல், மு. கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான்.

தினேஷ், ஓசூர்

ரீல்பெட்டி ஐயா எழுதியது அருமை. ‘அந்த நாள்’ ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தின் தழுவல் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். பாலசந்தர் அதைப் பார்த்துத்தான் உந்துதல் பெற்றார், சரி. ஆனால் இரண்டும் செய்வது வேறு. ‘ரஷோமோன்’ படத்தில் நடந்த ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்று படம் சொல்வதே இல்லை. இங்கே ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள், கடைசியில் கொன்றவர் யார் என்பது தெளிவாகத் தெரிகிறது. 1943இல் ஜப்பான் விமானம் சென்னை மேல் குண்டு போட்ட நேரத்தில் கதையை வைத்ததும் இங்கே சேர்த்த சரக்குதான். அந்தப் பயம் இல்லாவிட்டால் ராஜன் (சிவாஜி) செய்கிற காரியத்துக்கு இத்தனை கனம் வந்திருக்காது.

வடமராட்சியான்

ரீல்பெட்டி ஐயாவோடு ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். ‘பராசக்தி’யில் கேமரா ஒதுங்கி நிற்கிறது என்று எழுதினீர்கள். அதனால் அது படக்கலையில் ஒரு படி குறைந்தது என்ற எண்ணம் வாசிக்கிறவருக்கு வந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நாங்கள் இந்தப் படங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னம் காதால் கேட்டவர்கள். இலங்கை வானொலியில் பாட்டைக் கேட்டு, ஊர்த் திருவிழா லவுட்ஸ்பீக்கரில் வசனத்தைக் கேட்டு, படம் எங்கள் பக்கத் தியேட்டருக்கு வரும்போது முழுக் கோர்ட் காட்சியும் மனப்பாடமாக இருக்கும். என் பெரியப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். குணசேகரன் (சிவாஜி) கோர்ட்டில் பேசுவதை ஒரு சொல் பிசகாமல் சொல்லுவார். தமிழ்ச் சினிமாவில் வசனமும் ஒரு வகைமைதான், நித்யா தங்கச்சி. கொலைப் படம், மாயப் படம் போல அது வசனப் படம். கேட்பதற்கென்று எடுத்த படம்.

இன்னொன்று. ‘பராசக்தி’ என்றால் எல்லாரும் கோயில் காட்சியையும் கோர்ட் காட்சியையும்தான் பேசுவார்கள். எனக்கு அதன் நடுவில் வருகிற இடப்பெயர்வுதான் படம். தங்கச்சிக்குக் கல்யாணம் என்று மூன்று அண்ணன்மார் ரங்கூனில் இருந்து புறப்படப் பார்க்கிறார்கள், போர் அவர்களைச் சிதறடிக்கிறது. ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். ஒருவன் நீதிபதியாகிறான். கடைசியில் தங்கச்சி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது விசாரிக்கிறவனே அவளுடைய அண்ணன். 1990களில் ஊரை விட்டு மூட்டையோடு நடந்தவன் நான். அந்தப் படத்தில் குடும்பம் சிதறுகிற வேகத்தை யாராவது ‘நாடகத்தனம்’ என்று சொன்னால், அவருக்கு அது நடக்கவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

ரீல்பெட்டி, மானாமதுரை

தம்பி, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். வசனப் படம் ஒரு தனி வகைதான். எங்கள் கொட்டகையில் அந்தக் கோர்ட் காட்சி வரும்போது வெளியே டீக்கடையில் நிற்கிறவன் கூடத் தட்டியோரம் வந்து காதை வைத்துக் கேட்பான். ஆனால் கேமரா ஒதுங்கியதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒதுங்கத் தெரிந்ததும் மாருதிராவின் திறமைதான்.

கயல்விழி, திருச்சி

நித்யா, நான் உங்கள் வயதுதான், ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

டாக்டர் முரளி ஒரு காலத்தில் காதலித்த சீதா, இப்போது தன் கணவன் வேணுவை அவனுடைய ஆஸ்பத்திரியிலேயே சேர்க்கிறாள். வேணுவுக்குப் பழைய கதை தெரியவருகிறது. தான் பிழைக்காவிட்டால் முரளியையே மணந்துகொள் என்று மனைவியிடம் கேட்கிறான். 1962இல் ஒரு கணவன் இப்படிக் கேட்பதாக எழுதியதற்கே ஸ்ரீதருக்குத் துணிச்சல் வேண்டும். அதற்கு அவள் பதில்தான் ‘சொன்னது நீதானா’. சுசீலாவின் குரலில் எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தப் பாட்டு முடிந்ததும் எனக்குக் கோபமும் வரும். மறுமணம் என்ற கதவைத் திறந்து காட்டிவிட்டு, அதைச் சாத்துகிற வேலையைப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார்கள். கடைசியில் கணவன் பிழைக்கிறான், டாக்டர் இறந்துபோகிறார். யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் மூவரும் இவ்வளவு நேர்மையாக நடித்திருக்கும்போது, கதை அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

அதற்காகப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் இத்தனை கோணம் எப்படிக் கிடைத்தது என்று வின்சென்டுக்காகவே பார்க்கலாம். அவர் 1964இல் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்ற பேய்ப் படத்தை இயக்கினார். அதையும் உங்கள் பட்டியலில் சேருங்கள், அந்த வகையில் தமிழில் அப்போது அதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை.

‘காதலிக்க நேரமில்லை’யைப் பற்றி ரீல்பெட்டி ஐயா ஒரு வரியில் போய்விட்டார்! நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சிக்கு முன்னால் இரண்டு நிமிஷம் எல்லாரையும் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். நாகேஷ் சத்தம் போட்டுச் செய்வதை எல்லாரும் கவனிப்பார்கள். நீங்கள் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். கதை கேட்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பயந்து நடுங்குவதுதான் அந்தச் சிரிப்பின் உயிர்.

நித்யா, கோயம்புத்தூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாரக் கடைசியில் ‘மாயா பஜார்’ பார்த்தோம். லட்டு பறக்கிற காட்சியை மகன் மூன்று தடவை திருப்பிப் போட்டான். ‘ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டியிருப்பாங்க, வாயிலிருந்து துப்பி’ என்பது அவன் கட்சி. ‘நூலில் கட்டியிருப்பாங்க’ என்பது என் கணவர் கட்சி. ரீல்பெட்டி ஐயா தீர்ப்புச் சொல்லுங்கள்.

வடமராட்சி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ‘பராசக்தி’யை வேறு மாதிரிப் பார்க்கப் போகிறேன். கயல், தாண்டச் சொன்ன பத்தியையும் படித்துவிட்டேன். அதனாலேயே பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரீல்பெட்டி, மானாமதுரை

லட்டு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை அம்மா. ஆனால் பையன் ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டலாம் என்று யோசித்தானே, அவனை ஆபரேட்டர் அறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘அந்த நாள்’ முதல் ஓட்டத்தில் ஓடவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, ஆனால் கொட்டகை நிரம்பவில்லை. இதை ஜனங்களின் ரசனைக் குறைவு என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. எங்கள் மாதிரிக் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜக்டர். 1000 அடி ரீல் பதினொரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். சின்ன ரீல்களைச் சேர்த்துச் சுற்றினாலும், ஒரு படத்துக்கு மூன்று நான்கு முறை விளக்கைப் போட்டு நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். பாட்டும் சண்டையும் உள்ள படம் அந்த நிறுத்தத்தைத் தாங்கும். யார் மேல் சந்தேகம் என்று மனதில் கட்டிக்கொண்டே வருகிற படம் தாங்காது. விளக்கு எரிந்ததும் எல்லாம் கலைந்துவிடும். மணலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் பாட்டு என்பது மூச்சு விடுகிற நேரம், பிள்ளையைத் தூங்கவைக்கிற நேரம். தரை டிக்கெட்டுக்காரர் கொடுத்த காசில்தான் அத்தனை ஸ்டுடியோவும் நடந்தது. அவர்கள் வசதிக்கு ஏற்ற மாதிரி படம் வளர்ந்தது.

ஆனால் யாரும் தொடரவில்லை என்பது சரியல்ல. பாலசந்தரே 1964இல் ‘பொம்மை’ எடுத்தார். பொம்மைக்குள் குண்டு, அது கைமாறிக் கைமாறிப் போகிறது. இந்தத் தடவை பாட்டும் வைத்தார். ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ என்று அதில் பாடிய இளைஞர்தான் யேசுதாஸ். தமிழில் அவர் குரலை ஜனங்கள் முதலில் கேட்டது அதில்தான். அதே வருஷம் சிவாஜி தன் சொந்தத் தயாரிப்பாக ‘புதிய பறவை’ எடுத்தார். தாதா மிராசி இயக்கம். குற்றக் கதை, ஆனால் பாட்டெல்லாம் கதைக்குள்ளேயே வேலை செய்கிறது. ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ அதில் இரண்டு தடவை வருகிறது, இரண்டாவது தடவை கேட்கும்போது கதையே வேறு. பாட்டில்லாமல் ஓடாத குற்றப் படத்தைப் பாட்டை வைத்தே ஓட்டத் தெரிந்துகொள்ள நம்மவர்களுக்குப் பத்து வருஷம் ஆனது.

ஆகவே உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரம் ‘மிஸ்ஸியம்மா’, மாயா பஜார் ஞாபகம் மங்குவதற்குள். அடுத்து ‘பராசக்தி’. பிறகு ‘சந்திரலேகா’, பையனுக்காக. ‘புதிய பறவை’யை அவன் தூங்கின பிறகு போடுங்கள். டிவியில் வெளிச்சத்தைக் கூட்டி, படத்தைப் பளபளப்பாக்குகிற வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அறை விளக்கையும்தான்.

நித்யா, கோயம்புத்தூர்

சரி ஐயா. ‘மலைக்கள்ளன்’ உங்கள் வரிசையில் விட்டுப்போனது. உள்ளூர்ப் படம், அதை நான் முன்னால் ஏற்றிக்கொள்கிறேன். மாமனாரிடம் பட்சிராஜா என்று சொன்னதுமே ஆரம்பித்துவிட்டார், அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.